மடக்குக் கத்தியும் செய்தோன் முத்திரையும்

மனிதன் ஆக்கிய கருவிகளுள் அவனை விட்டுப் பிரியாது உடன் நடப்பது கத்தி. கலப்பை கழனியில் நிற்கும். தறி வீட்டில் நிற்கும். சம்மட்டி உலைக்களத்தை விட்டு அகலாது. மடித்துப் பையிலே வைத்துக்கொள்ளத்தக்க சிறு கத்தியோ உழவனோடும் மாலுமியோடும் கணக்கனோடும் பள்ளிச் சிறுவனோடும் ஊர்தோறும் சென்று வந்தது. அத்தகைய சிறு பொருளின் சரித்திரத்தை நம் சங்கத்துப் பத்திரிகையில் விரித்துரைப்பது எற்றுக்கு என அன்பர் சிலர் வினவலாம். உலையும் துருத்தியும் பட்டடையும் கொண்டு வாழ்ந்த குடும்பங்களிற் பிறந்த நமக்கு அச்சரித்திரத்திலே கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உளது. ஆதலின் அதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

மேல்நாடுகளில் பழைய மடக்குக் கத்திகளைத் தேடித் திரட்டுவோரும், தம்முள் மாற்றிக்கொள்வோரும், வாங்கி விற்போரும் மிகப் பலர். அவர்கள் கையில், ஒரு சாணுக்கும் குறைந்த பழங்கத்தி ஒன்று புதுக் கத்திகள் பலவற்றின் விலையைப் பெறுகின்றது. நம் ஊர்களிலோ, பாட்டன் காலத்துப் பாக்குவெட்டியும் அரிவாளும் எழுத்தாணியும் காயலான் கடையிலே இரும்பின் எடைக்கு விலைபோகின்றன. இரண்டும் உலையிற் காய்ச்சிய உருக்கே. இரண்டும் கைவினைஞன் கையாற் பிறந்தனவே. அங்ஙனமிருக்க, ஒன்று பொன்னைப்போற் போற்றப்படுவதும் மற்றொன்று குப்பையைப்போற் கழிக்கப்படுவதும் எதனால்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேனாக்கத்தி என்னும் பெயர்

மடித்து வைக்கும் கத்தி புதிதன்று. உரோமர் காலத்து மடக்குக் கத்திகள் ஐரோப்பாவின் பல இடங்களிற் கிடைத்துள்ளன. அப்பழங்கத்திகளில் அலகு ஓர் ஆணியைப் பற்றித் திரும்பும். திறந்த அலகை நிலையாக நிறுத்துவதற்குப் பிடியின் இறுக்கமே துணை. 17-ஆம் நூற்றாண்டில் பிடியின் முதுகுப்புறத்தே வளைந்துகொடுக்கும் உருக்கு வில்லொன்றை அமைக்கும் முறை பரவிற்று. அலகின் அடிப்பகுதியை அவ்வில் அழுத்திக்கொண்டிருத்தலால், திறந்த கத்தி திறந்தபடியும் மூடிய கத்தி மூடியபடியும் நிற்கும். இன்று நாம் காணும் சட்டைப்பைக் கத்திகளுள் பெரும்பாலானவை இவ்வமைப்பின் வழி வந்தவையே.

நம்மவர் இதனைப் பேனாக்கத்தி என்கின்றனர். அது பொருத்தமான பெயர். ஐரோப்பியர் பறவை இறகினால் எழுதிய காலத்தில், இறகின் முனையை அடிக்கடி சீவிக் கூராக்க வேண்டியிருந்தது. அதற்காக எழுதுவோர் அனைவரும் சிறு கத்தி ஒன்றை உடன் வைத்திருந்தனர். உருக்கு முள் பொருத்திய பேனா வந்தபின் அந்த வேலை ஒழிந்தது; பெயர் மட்டும் நின்றது.

நம் நாட்டிலும் எழுத்துக்கும் மடக்குக் கத்திக்கும் இத்தகைய உறவு இருந்தமை கருதத்தக்கது. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை எழுத்தாணிகளைக் கையாண்டனர். அவற்றுள் மடக்கெழுத்தாணி என்பது ஒரு முனையில் எழுதும் கூரும் மறுமுனையில் ஓலையை வாரும் கத்தியும் உடையது. இரண்டும் பிடியினுள் மடிந்து அடங்கும். கணக்கரும் புலவரும் அதனை இடுப்பிற் செருகிக்கொண்டனர். அதை அடித்து, அராவி, வில் பிசகாமற் பொருத்தியவர் நம் ஊர்க் கொல்லர். அந்த வேலையின் நுட்பத்தை ஆங்கிலப் பேனாக்கத்தியின் நுட்பத்தோடு ஒருங்கு வைத்து எண்ணினால், ஒன்றுக்கொன்று தாழ்ந்தது என்று கூற இடமில்லை.

ஷெபீல்டு நகரமும் முத்திரைச் சட்டமும்

மடக்குக் கத்தியின் சரித்திரத்தில் இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரம் தலையிடம் பெற்றது. ஐந்து சிற்றாறுகள் அந்நகரத்தின்பால் இறங்கி வருகின்றன. அவற்றின் நீர்விசை சாணைச் சக்கரங்களைச் சுழற்றிற்று. அருகிலுள்ள குன்றுகள் சாணைக்குரிய மணற்கல்லை அளித்தன. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் புலவர் சாசர் எழுதிய கதையொன்றிலே, மாவரைக்கும் ஒருவன் ஷெபீல்டுக் கத்தியைத் தன் காலுறையிற் செருகியிருந்ததாக வருகின்றது. அக்காலத்திலேயே அவ்வூர்ப் பெயர் கத்திக்கு அடையாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

1624-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்டு சட்டமொன்று இயற்றி, ஷெபீல்டைச் சூழ்ந்த ஹாலம்ஷயர்ப் பகுதியின் கத்தி வினைஞர்க்குச் சங்கம் ஒன்றை நிறுவிற்று. கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் முதலியன செய்வோர் அதில் அடங்கினர். பயிற்சிக் காலம், பொருளின் தரம் முதலியவற்றை அச்சங்கம் வரையறுத்தது. அதன் பணிகளுள் தலையாயது முத்திரை வழங்குதல். ஒவ்வொரு வினைஞனும் தனக்கென ஒரு குறியைச் சங்கத்தில் பதிவுசெய்துகொள்வான். இலை, நட்சத்திரம், எழுத்து, மணிமுடி என அக்குறி எதுவாயினும் ஆகுக. அதனைப் பிறன் எவனும் தன் கத்தியிற் பொறித்தல் கூடாது. கத்தி முறிந்தாலும் கூர் நில்லாது போனாலும் பழி இன்னாரைச் சாரும் என்பதும், நன்கு உழைத்தால் புகழ் இன்னாரைச் சேரும் என்பதும் அக்குறியால் விளங்கும். எழுத்தறியாத வினைஞனுக்கு அதுவே கையொப்பமுமாயிற்று.

பிரெஞ்சு தேசத்திலும் 1565-ஆம் ஆண்டிலே ஒன்பதாம் சார்லஸ் மன்னன், கத்தி செய்வோர் ஒவ்வொருவரும் தம் குறியைப் பொறித்தல் வேண்டுமென ஆணையிட்டான். சவாய் மலைநாட்டில் 1890-இல் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கிய யோசேப்பு ஒப்பினெல் என்பவர் 1909-இல் முடிசூடிய கையொன்றைத் தம் முத்திரையாகக் கொண்டது இவ்வழக்கத்தை ஒட்டியே. அவர் பெயரால் இன்றும் வரும் கத்திகளில் அந்த முத்திரையைக் காணலாம்.

1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், தம் கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு வேண்டி, மண் மூசையில் உருக்கை முற்றும் உருக்கி வார்க்கும் முறையை ஷெபீல்டின் அருகே கண்டறிந்தார். உள்ளூர்க் கத்தி வினைஞர் அவ்வுருக்கு மிகக் கடினமென்று முதலில் தள்ளினர், பின்னர் ஏற்றனர். அவ்வுருக்கே ஷெபீல்டின் பெருமைக்கு அடிப்படையாயிற்று.

நம் நாட்டு உருக்கு

மூசையிலே உருக்கு ஆக்கும் வித்தை நம் நாட்டில் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடந்த அகழ்வாய்வில் இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டுள்ளன. சேலம் கஞ்சமலையின் இரும்புக் கல் பெயர்போனது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்னும் ஆங்கிலேயர், நம் கொல்லர் உருக்கு ஆக்கிய முறையைக் கண்டு விவரித்துள்ளார். இரும்பைச் சிறு துண்டுகளாக்கிச் சிறு மண் மூசையில் இடுவர். காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கி உடன் இடுவர். மேலே பச்சை எருக்கிலை ஒன்றிரண்டை வைத்துப் பிசைந்த களிமண்ணால் வாயை அடைப்பர். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓருலையில் அடுக்கி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். மூசை குளிர்ந்தபின் உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும். ஆவாரையும் எருக்கும் அளித்த கரியே இரும்பை உருக்காக்கியது. இரசாயன நூல் கல்லாத நம் முன்னோர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இந்திய உருக்கை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடத்து ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபு அது என்பர். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட இவ்வுருக்கை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அப்பொழுது இலண்டன் நகரத்துக் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அவ்வுருக்கைக் கொண்டு என்ன செய்து பார்த்தார்? ஒரு பேனாக்கத்தியே செய்து பார்த்தார். அதன் மெருகும் கூரும் மிகச் சிறந்த உருக்குக் கத்திக்குச் சமமாக நின்றன. பின்னாளில் ஸ்டோடர்ட், ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் இந்திய உருக்கே மேலானது எனத் தம் கடை விளம்பரச் சீட்டிலும் அச்சிட்டார். அவரோடு சேர்ந்து, ஒரு கொல்லரின் மகனாகிய மைக்கேல் பாரடே என்னும் பெருவிஞ்ஞானி இவ்வுருக்கின் இரகசியத்தை நாடிப் பல சோதனைகள் செய்து 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டார்.

மேற்கூறிய ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெபீல்டு உருக்கின் விலை பெரிதும் குறைந்தது. ஆயின் அம்முறையைச் சிறிது மாற்றிக் கையாண்ட ஆலைக்காரர் அவருக்கு உரிய பணம் கொடாது ஒழிந்தனர். நீண்ட வழக்காடியும் அவர் பயன் துய்க்காமலே மாண்டார்.

நேயர்கள் ஒன்றை நோக்கவேண்டும். பியர்சன் பெயர் நின்றது. ஸ்டோடர்ட் பெயர் நின்றது. பாரடே பெயரும் ஹீத் பெயரும் நின்றன. இலண்டனில் பேனாக்கத்தியாகிய அந்த உருக்குக் கட்டியை எருக்கிலையிட்டு மூடித் துருத்தி ஊதிய கொல்லன் யார்? எவ்வூரான்? எவன் மகன்? எங்கும் எழுதப்படவில்லை. அவனுக்கு முத்திரை இல்லை. முத்திரையைப் பதியச் சங்கமும் இல்லை.

பெயர் பெற்ற சாலைகளும் பெயரற்ற கைகளும்

19-ஆம் நூற்றாண்டு ஷெபீல்டின் பொற்காலம். ஜோசப் ரோட்ஜர்ஸ் தொழிற்சாலை நட்சத்திரமும் மால்டா நாட்டுச் சிலுவையும் சேர்ந்த முத்திரையை 1764-இல் பெற்றது. 1822-இல் அரண்மனைக்குக் கத்தி வழங்கும் உரிமையும் அடைந்தது. அவ்வாண்டிலே 1822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்து, பின்வரும் ஆண்டுகளின் தொகைக்கு ஏற்ப அலகுகளைக் கூட்டி வந்தனர். 1851-இல் இலண்டனில் நடந்த உலகப் பெருங்கண்காட்சிக்கு 75 அலகுகளுடைய மாபெரும் மடக்குக் கத்தி ஒன்றையும் செய்து வைத்தனர். அது இன்று ஷெபீல்டுக் கத்தி வினைஞர் மண்டபத்தில் உளது. ஜார்ஜ் வாஸ்டன்ஹோம் என்னும் மற்றொரு சாலையார் ‘நான் மேம்படுகின்றேன்’ என்று பொருள்படும் ஒலியுடைய ‘ஐ.எக்ஸ்.எல்.’ முத்திரையால் அமெரிக்காவெங்கும் புகழ் பெற்றனர்.

இக்கத்திகள் ஒருவர் கையால் முடிந்தவை அல்ல. அலகை அடிப்பவர் ஒருவர். சாணையிலே தீட்டுபவர் ஒருவர். பிடியும் வில்லும் அலகும் சேர்த்துப் பொருத்துபவர் மற்றொருவர். இவருட் பலர் சாலையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்துத் தம் பொறுப்பிலே வேலை செய்த சிறு வினைஞர். ‘சிற்றாசான்’ என்று பொருள்படும் பெயரால் அவ்வூரார் அவர்களை அழைத்தனர். அவர்கள் செய்த கத்தியிலே பெரும்பாலும் முதலாளியின் முத்திரையே ஏறிற்று.

சாணைத் தொழிலாளர் பட்ட துன்பம் சொல்லுந்தரத்தது அன்று. நீரில்லாத உலர்ந்த சாணையிலே குனிந்து வேலை செய்தவர் கல்தூளையும் உருக்குத் தூளையும் மூச்சோடு உட்கொண்டு, நுரையீரல் இறுகி, இளமையிலேயே மடிந்தனர். 19-ஆம் நூற்றாண்டு வைத்தியர் அந்நோயைச் சாணைக்காரர் நோய் என்றே எழுதினர். முத்துச்சிப்பிப் பிடியின் ஒளியை வியக்கும் கண் இதனையும் மறத்தலாகாது.

போலி முத்திரைகள்

பெயருக்கு விலை உண்டான இடத்தில் பெயரைத் திருடுவோரும் உண்டாவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிற தேசங்களிற் செய்த மலிந்த கத்திகள் ஷெபீல்டுப் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்தன. ஷெபீல்டார் செய்த முறையீடே 1887-இல் இங்கிலாந்து வணிகக் குறிச் சட்டம் பிறப்பதற்கு ஒரு காரணம். ஜெர்மனி தேசத்துக் கத்தி நகரமாகிய சோலிங்கனின் பெயரும் பிறரால் திருடப்பட்டது. அந்நகரப் பெயரைக் காக்க 1938-இல் ஜெர்மனியில் தனிச் சட்டமே எழுந்தது. பிரான்சிலே லாகியோல் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் கத்தி உலகப் புகழ் பெற்றது. ஆயின் அப்பெயரை 1993-இல் வெளியார் ஒருவர் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டமையால், அவ்வூரார் தம் ஊர்ப் பெயரை மீட்கப் பல ஆண்டு வழக்காட நேர்ந்தது. ஊர்ப் பெயரும் ஒரு சொத்து. காவாத சொத்து கைமாறும்.

அமெரிக்க அரசு 1890-இல் இயற்றிய மக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட தேசத்தின் பெயரைப் பொறிக்க வேண்டுமென விதித்தது. உயர்ந்த சுங்கவரியால் ஷெபீல்டின் அமெரிக்க வாணிகம் தளர்ந்தது. ஆனால் அதே சட்டம் பிற்காலத்துத் திரட்டுவோர்க்கு ஒரு திறவுகோலாயிற்று. அமெரிக்காவுக்குச் சென்ற ஷெபீல்டுக் கத்தியின் அலகடியில் இங்கிலாந்து என்னும் தேசப் பெயர் பொறித்திருப்பின் அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டதென அவர்கள் துணிகின்றனர்.

திரட்டுவோர் முறை

பழங்கத்தி திரட்டும் வழக்கம் மிகுதியாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அதற்கு உதவிய தொழிற்சாலைகளுள் ஒன்று 1889-இல் தோன்றிய கேஸ் என்பது. அச்சாலையார் அலகின் அடியிலே தம் பெயரோடு வைத்த குறிகள் காலத்துக்குக் காலம் மாறின. 1940 முதல் 1964 வரை பெயரோடு இரண்டு பெருக்கற்குறி போன்ற எழுத்துகள் மட்டும், 1965 முதல் 1969 வரை அவற்றோடு அமெரிக்க நாட்டின் பெயர்ச் சுருக்கமும், 1970-இல் அதனடியிற் பத்துப் புள்ளிகள், 1971-இல் ஒன்பது, இப்படி ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்து 1979-இல் ஒரே புள்ளி நின்றது. ஆகவே 1970-களிற் செய்த கத்தியை எடுத்த மாத்திரத்தில் அதன் ஆண்டைச் சிறுபிள்ளையும் கூறலாம். அலகில் உள்ள எண்ணும் பொருளுடையது. 6254 என்றால், 6 என்பது செதுக்கிய எலும்புப் பிடி. 2 என்பது இரண்டு அலகு. 54 என்பது கத்தியின் வடிவம். 5 என்று தொடங்கினால் பிடி மான்கொம்பு.

திரட்டுவோர் குறித்த நாளில் ஒரு மண்டபத்திற் கூடி, மேசைகளிலே கத்திகளைப் பரப்பி வைப்பர். விற்பதும் வாங்குவதும் அன்றிக் கத்திக்குக் கத்தி மாற்றிக்கொள்வதும் அங்கு மிகுதி. தம்மிடம் இரண்டாயுள்ளதை ஒருவர் கொடுத்துத் தமக்கில்லாததை மற்றொருவரிடம் பெறுவர். விலையைத் தீர்மானிப்பதற்குத் தர வரிசை ஒன்று வகுத்துள்ளனர். சாலையிலிருந்து வந்தபடியே ஒருமுறையும் தீட்டப்படாது இருப்பது முதல் தரம். சிறிதளவு பழகியது அடுத்தது. தீட்டித் தீட்டி அலகு தேயத் தேயத் தரமும் விலையும் இறங்கும். முறிந்த அலகும் பிளந்த பிடியும் கடைத்தரம்.

போலிகளைக் கண்டறிவதே இவ்வாணிகத்தின் உயிர்நாடி. ரெமிங்டன் என்னும் துப்பாக்கிச் சாலையார் 1920 முதல் 1940 வரை செய்த மடக்குக் கத்திகளுள், பிடியில் துப்பாக்கித் தோட்டா வடிவச் சிறு தகடு பதித்தவை மிக உயர்ந்த விலை பெறுவன. ஆதலின் அவற்றுக்குப் போலிகளும் பல. அனுபவமுடையோர் கத்தியைத் திறந்து பார்ப்பதோடு அமையார். முத்திரையின் எழுத்து ஆழமாகவும் ஒழுங்காகவும் உளதா, அலகின் தேய்வுக்கும் பிடியின் தேய்வுக்கும் இசைவு உண்டா, தறையாணிகள் புதிதாக அடிக்கப்பட்டனவா, வேறு கத்தியின் அலகைக் கழற்றி இதில் பொருத்தினரா, திறந்தபோதும் மூடியபோதும் வில் முதுகோடு மட்டமாக நிற்கின்றதா என்று ஒவ்வொன்றாக நோக்குவர். மூடும்போது எழும் ‘டக்’ என்னும் ஓசையையும் காதாற் சோதிப்பர். வில்லின் பதம் அவ்வோசையில் வெளிப்படும். இவை யாவும் நம் பட்டறைப் பெரியோர் அறிந்த சோதனைகளே. இவற்றை ஏட்டில் எழுதி வைத்தமை ஒன்றே அவர்கள் கூடுதலாகச் செய்தது.

பாதுகாக்கும் முறையையும் சிறிது கூறுவாம். பழைய அலகில் படிந்த கருநிறத்தைப் பளபளப்பு வேண்டித் தேய்த்து நீக்குதல் தவறு. அதனால் முத்திரை மழுங்கும், விலையும் போகும். தோலுறையிலே நெடுநாள் வைத்தால் தோல் பதனிட்ட சரக்கு அலகில் துருவேற்றும். செல்லுலாயிடு என்னும் செயற்கைப் பொருளாலான பழைய பிடிகள் நாளடைவில் சிதைந்து, வெளிவிடும் ஆவியால் அருகிலுள்ள கத்திகளையும் அரிக்கும். ஆதலின் அவற்றைத் தனியே வைத்தல் வேண்டும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயை ஒரு துளி தடவினால் போதும். தேங்காயெண்ணெய் நாட்பட்டால் பிசுபிசுத்துக் காறும்.

பிடியைப் பற்றிச் சட்ட சம்பந்தமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஷெபீல்டாரும் அமெரிக்கரும் புகழ்ந்த மான்கொம்புப் பிடிகள் பல நம் இந்தியக் காட்டுக் கடமானின் கொம்பால் ஆனவை. யானைத் தந்தப் பிடிகளும் மிகுதி. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இப்பொருள்களின் வாணிகத்தைத் தடுக்கின்றன. இங்கிலாந்திலும் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்து, சில விலக்குகள் நீங்கலாகத் தந்தப் பொருள்களின் விற்பனையை நிறுத்திற்று. வீட்டில் அத்தகைய பழம்பொருள் இருப்பின் அதை விற்க முற்படலாகாது.

எஞ்சி நின்றோர்

இத்துணைப் புகழ் பெற்ற தொழில் இன்று எந்நிலையில் உளது? ஷெபீல்டிலே பல்லாயிரவர் செய்த வேலையை இப்பொழுது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே கைவினையாகச் செய்கின்றனர். ஸ்டான் ஷா என்னும் வினைஞர் 1926-இற் பிறந்து, 14-ஆம் வயதில் தொழில் புகுந்து, முதுமை வரை மடக்குக் கத்தி செய்து, 2021-இற் காலமானார். அவர் கையால் ஒரு கத்தி பெறுவதற்குத் திரட்டுவோர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். ஜப்பான் தேசத்து மிக்கி நகரில் பல வினைஞர் கூடிச் செய்த ‘ஹிகோ நோ காமி’ என்னும் மடக்குக் கத்தி, பள்ளிச் சிறுவர் பென்சில் சீவும் கருவியாய் நாடெங்கும் பரவியிருந்தது. 1960-க்குப் பின் சிறுவர் கையிற் கத்தி கூடாதென்னும் இயக்கம் எழுந்தமையால் அது மங்கி, இன்று ஒரே ஒரு குடும்பத்தார் அப்பெயருக்குரிய வினைஞராய் எஞ்சியுள்ளனர்.

தொழில் தளர்ந்தபோதும் அதன் நினைவு தளராதபடி காத்தவர் திரட்டுவோர். ஷெபீல்டில் கருவிக்கடை வைத்திருந்த கென் ஹாலி என்பவர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூடப்பட்டு வந்த பட்டறைகளிலிருந்து கருவிகளையும் கத்திகளையும் அவர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்தார். முடிந்த பொருளோடு நில்லாது, அரைகுறையாய் நின்ற பொருளையும், செய்த கருவியையும், விலைப்பட்டியலையும், செய்தவர் வாய்மொழியையும் சேர்த்தார். அவர் 2014-இல் மறைந்தார். அவர் திரட்டிய பண்டசாலை அந்நகரத்துக் கெல்ஹாம் தீவுக் காட்சிசாலையில் உளது. முதலாளியின் முத்திரைக்குள் மறைந்திருந்த சிற்றாசான்மார் பலரின் வேலை இத்தகைய முயற்சியாலேயே உலகறியத் தெரிய வந்தது.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். மேல்நாட்டுப் பழங்கத்திக்கு விலை தருவது அதன் உருக்கு மட்டும் அன்று. இன்னார் செய்தது, இன்ன ஊரில் செய்தது, இன்ன ஆண்டில் செய்தது என்னும் மூன்று செய்திகளும் அதனோடு சேர்ந்து வருகின்றன. அம்மூன்றும் நீங்கினால் அதுவும் எடைக்குப் போகும் இரும்பே. நம் எழுத்தாணியிலும் பாக்குவெட்டியிலும் செய்தோன் பெயர் பொறித்திருத்தல் அரிது. ஊரார் அனைவரும் கொல்லனை அறிந்திருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இன்றோ பேரன் நகரத்திலே உத்தியோகம் செய்கின்றான். பாட்டன் பட்டறையின் கூரை சரிந்துவிட்டது. பெயரை வாயால் சொல்லத்தக்க முதியவர் மறைந்துவிட்டால் அதை மீட்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

ஆகவே நம் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லங்களில் உள்ள பழைய கத்தி, எழுத்தாணி, பாக்குவெட்டி, அரிவாள்மணை, பட்டறைக் கருவி ஆகியவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை நின்று யோசிப்பாராக. ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு இணைத்து, செய்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், ஏறக்குறைய ஆண்டு, பயன்படுத்தியவர் யார் என்பவற்றை எழுதி வைப்பாராக. பொருளைத் தேய்த்து மெருகேற்றாமல், துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைப்பாராக. வீட்டுத் தாய்மார்க்கு இப்பணியில் தனிப் பங்கு உண்டு. எந்தக் கத்தி எந்தக் கலியாணத்தில் சீராக வந்தது, எந்தப் பாக்குவெட்டி யாருடைய கைவேலை என்பவற்றைப் பெரும்பாலும் அவர்களே அறிவர். பள்ளிப் பிள்ளைகள் பாட்டனாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். விற்க நேர்ந்தாலும் அச்சீட்டோடு சேர்த்தே விற்க வேண்டும். வாங்குவோன் பொருளோடு பெயரையும் கொண்டு செல்வான்.

இன்றும் பட்டறை நடத்துவோர்க்கு ஒரு வார்த்தை. நீங்கள் செய்யும் அரிவாளிலும் கத்தியிலும் உங்கள் குறியை இன்றே பொறியுங்கள். ஓர் உளி முனையில் வெட்டிய சிறு எழுத்தே போதும். அதன் பதிவேடு ஒன்றைச் சங்கம் வைத்துக் காப்பது எளிது; செலவும் சிறிது. ஷெபீல்டார் 1624-இல் தொடங்கியதை நாம் காலந்தாழ்த்தேனும் தொடங்குவோமாக.

எருக்கிலையிட்டு மூசை மூடிய அந்தப் பெயரற்ற கொல்லனுக்கு நாம் இனிப் பெயர் தேடித் தர இயலாது. அவன் வழி வந்தோரின் பெயர்களையேனும் காத்தல் நம் கடமை. அன்பர்கள் தம் இல்லத்துப் பொருள்களின் விவரத்தை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பி, இம்முயற்சிக்குத் துணைபுரிவார்களாக.